ஒரே ஒரு மாணவி போதும்

நம்மூரில் 52 வயதில் ஒருவர் என்ன செய்கிறார்? ஓய்வூதியக் கணக்குப் பார்க்கிறார். பெண்ணுக்கு வரன் தேடுகிறார். சர்க்கரை அளவைச் சொல்லிப் புலம்புகிறார். "இனிமே நமக்கு என்னப்பா இருக்கு" என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார். சரி, பெரியவர்களை விடு. உனக்கு இருபத்திரண்டுதானே ஆகிறது? வெளிநாட்டில் போய் ஆங்கிலம் சொல்லித்தரலாமே என்றால் நீ என்ன பேசிக்கொண்டிருக்கிறாய்? "என் இங்கிலீஷ் அவ்வளவு நல்லா இருக்காது சார்." "அந்த ஊர் பாஷை எனக்குத் தெரியாதே." "என்னை நம்பி யார் பிள்ளையை அனுப்புவாங்க?" இருபத்திரண்டு வயதிலேயே உனக்கும் சாய்வு நாற்காலி வந்துவிட்டதா?

எழுந்து உட்கார். மேரி ஸ்கிரான்டன் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கதையைச் சொல்கிறேன்.

அவர் 1832இல் பிறந்தவர். கணவரை இழந்தவர். 1885 ஜூனில் மெதடிஸ்ட் மிஷனரியாக, டாக்டரான தன் மகனின் குடும்பத்தோடு கொரியாவில் கால் வைத்தபோது அவருக்கு 52 வயது முடிந்திருந்தது. அந்நியருக்குக் கதவைச் சாத்தியே வைத்திருந்த நாடு அது. அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டு மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. மதப் பிரச்சாரத்துக்கு அனுமதி இல்லை. கையில் பிடித்துப் படிக்க ஓர் ஆங்கில-கொரிய அகராதிகூடக் கிடையாது. அண்டர்வுட் என்ற இளம் மிஷனரி அதைத் தொகுத்து அச்சிட்டதே 1890இல்தான். சியோல் தெருவில் இவர் நடந்து போனால் பெண்கள் கதவடைத்துக்கொள்வார்கள், பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடும்.

இந்த லட்சணத்தில் அந்த அம்மாள் என்ன செய்தார் தெரியுமா? சியோலின் ஜியோங்-தோங் பகுதியில் வைக்கோல் கூரை வேய்ந்த 19 வீடுகளையும் பக்கத்துக் காலி மனையையும் வாங்கினார். எதற்கு? பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்ட! பெண் வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்றிருந்த நகரம் அது. இரவு பெரிய மணி அடித்து, ஆண்கள் எல்லாரும் வீட்டுக்குள் போன பிறகுதான் பெண்கள் தெருவில் காற்று வாங்க முடியும். அங்கே, ஒரு மாணவிகூடச் சேராத நிலையில், இடத்தை வாங்கிப் போட்டுவிட்டார். நீயோ பத்துப் பேர் சேர்ந்தால் தொடங்கலாம் என்று வாட்ஸாப்பில் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

ஸ்கிரான்டனின் பள்ளிக்கு வருமுன், கொரியாவின் வசந்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த மிஷனரிகளின் கதையே வசந்தத்தில்தான் தொடங்குகிறது. 1885 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. இன்று இஞ்சியோன் எனப்படும் ஜெமுல்போ துறைமுகத்தில் அண்டர்வுட்டும் ஹென்றி அப்பென்செல்லரும் வந்து இறங்கினார்கள். முதலாமவருக்கு 25 வயது, இரண்டாமவருக்கு 27. முந்தின டிசம்பரில்தான் தலைநகரில் அரண்மனைப் புரட்சி ஒன்று நடந்து, ரத்தம் சிந்தி அடங்கியிருந்தது. அப்பென்செல்லரின் மனைவியோ பிள்ளைத்தாய்ச்சி. சியோலுக்குப் போகாதீர்கள், ஆபத்து என்று தடுத்துவிட்டார்கள். கனவோடு கடல் கடந்து வந்த அப்பென்செல்லர் சில நாளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஜப்பானுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. ஊரில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று முகத்தை மறைத்துக்கொண்டாரா? ஜூனில் மறுபடி வந்தார். ஆகஸ்டில் இரண்டே மாணவர்களை வைத்துக்கொண்டு ஆங்கிலம் சொல்லித்தரத் தொடங்கிவிட்டார். அதுதான் பேஜே பள்ளி. முதல் முயற்சியில் திரும்பி வந்ததை நீ அவமானம் என்கிறாய். அவர் அதைப் பயணத்தின் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டார்.

கொரியாவின் வசந்தத்தைப் படங்களில் பார்த்தவர்கள் பூவை மட்டும்தான் பார்த்திருப்பார்கள். பூ உண்மைதான். மலைச்சரிவெல்லாம் ஜின்தல்லே இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கும், வேலியோரம் கேனாரி மஞ்சளாய்ச் சொரிந்து கிடக்கும். பசைபசையான அரிசி மாவைச் சின்ன வட்டமாகத் தட்டி, மேலே ஒரு ஜின்தல்லே பூவைப் பதித்து, எண்ணெயில் வாட்டி எடுப்பார்கள். பூ நிறம் மாறாமல் மாவோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் ஏழை வீட்டுக்கு அதே வசந்தம்தான் பஞ்ச காலம். போன அறுவடை அரிசி தீர்ந்திருக்கும், வயலில் பார்லி இன்னும் முற்றியிருக்காது. மலையில் பிள்ளைகள் பூவைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டது அழகுக்காக மட்டுமல்ல. மேற்கிலிருந்து பாலைவனப் புழுதி வந்து வானத்தையே மஞ்சளாக்கும் பருவமும் அதுதான். வெளிநாட்டில் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப்போகிறேன் என்று கிளம்புகிறவனே, உன் பூக்காலத்திலும் பசியும் புழுதியும் இருக்கும். தெரிந்துகொண்டு கிளம்பு.

1886 மே 31. வசந்தம் முடிகிற நேரம். ஸ்கிரான்டனுக்கு முதல் மாணவி வந்தார். ஒருவர்தான். அவரும் சிறுமி அல்ல, அரசு அதிகாரி ஒருவரின் ஆசைநாயகி. ஆங்கிலம் கற்று அரசிக்கு மொழிபெயர்ப்பாளர் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. நல்ல ஆசைதான். மூன்று மாதம் படித்தார், நின்றுவிட்டார். இருந்த ஒரே மாணவியும் போனால் நீ என்ன செய்திருப்பாய்? பலகையைக் கழற்றியிருப்பாய்.

அடுத்து வந்தவள் சுமார் பத்து வயதுச் சிறுமி. வறுமை தாங்காமல் தாய் கொண்டுவந்து விட்டாள். அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? இப்போது நல்ல சோறும் துணியும் தருவாள், பிறகு உன் பெண்ணைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்விடுவாள் என்று தூபம் போட்டார்கள். தாய் ஓடி வந்து பிள்ளையைக் கேட்டாள். ஸ்கிரான்டன் என்ன செய்தார்? கோபித்துக்கொள்ளவில்லை, நன்றிகெட்டவர்கள் என்று சலித்துக்கொள்ளவில்லை. உன் சம்மதம் இல்லாமல் உன் மகளை இந்த நாட்டை விட்டுக் கொண்டுபோக மாட்டேன் என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். மூன்றாவதாக வந்த குழந்தை நகரத்து மதில் ஓரத்தில் நோயுற்ற தாயோடு கிடந்தவள். டாக்டர் மகன் இருவரையும் தூக்கி வந்து காப்பாற்றினார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஏழு பேர் ஆனார்கள். எண்ணிக்கையைப் பார்த்துச் சிரிக்காதே. 1887இல் அரசரே அந்தப் பள்ளிக்குப் பெயர்ப்பலகை கொடுத்தார்: ஈஹ்வா ஹக்தாங். பேரிக்காய்ப் பூப் பள்ளி. இன்று உலகின் மிகப் பெரிய பெண்கள் பல்கலைக்கழகங்களில் ஒன்றாக அது சியோலில் நிற்கிறது.

வகுப்பறை எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்? தூரிகையைப் பிடித்து மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக எழுதிப் பழகிய ஊர் அது. ஆங்கிலமோ இடப்பக்கம் தொடங்கிக் குறுக்கே ஓடுகிறது. கொரிய மொழியில் 'எஃப்' ஒலி இல்லை, 'ப' என்றுதான் வரும். காபியை நாம் காபி என்பதுபோல அவர்கள் 'கொப்பி' என்பார்கள். 'ர'வுக்கும் 'ல'வுக்கும் அவர்களிடம் ஒரே எழுத்து. இரண்டு மெய் சேர்ந்து வந்தால் நடுவே ஓர் உயிரைச் செருகினால்தான் நாக்கு நகரும். நம் பாட்டிமார் முன்னே ஓர் உயிரைச் சேர்த்து 'இஸ்கூலு' என்று சொன்னது போன்ற சங்கதி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளை தப்பாகச் சொல்லும் ஆங்கிலமும் ஆசிரியை தப்பாகச் சொல்லும் கொரிய மொழியும் மோதிச் சிரித்த அறையில்தான் கல்வி நடந்தது. உன் உச்சரிப்பு லண்டன்காரனுடையது போல் இல்லை என்று பாடம் எடுக்கத் தயங்குகிறாயே, அந்தத் தயக்கத்தைத் தூக்கிக் குப்பையில் போடு!

எளிதாக நடந்ததாக நினைத்துவிடாதே. வெள்ளைக்காரர்கள் பிள்ளைகளைப் பிடித்துக் கொன்று மருந்து செய்கிறார்கள், கண்ணைத் தோண்டிப் புகைப்படப் பெட்டிக்குள் வைக்கிறார்கள் என்று 1888இல் சியோல் முழுக்க வதந்தி பரவிக் கலவரமே மூண்டது. பெற்றோர்களின் பயத்தை மூடத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. முன்பின் தெரியாத அந்நியரிடம் தங்கள் பிள்ளையை யார்தான் விடுவார்கள்? இன்னொன்றையும் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். மதத்தைப் பரப்பும் நோக்கத்தோடுதான் இவர்கள் வந்தார்கள். மக்களுக்கு வேண்டியிருந்ததோ ஆங்கிலம், அதன் மூலம் அரசாங்க உத்தியோகம். பேஜேயில் ஏன் ஆங்கிலம் படிக்கிறாய் என்று கேட்டால் பதவி வாங்க என்றே பையன்கள் பதில் சொன்னார்கள். இரு தரப்புக்கும் நடுவில் பாடம் நடந்தது. ஆனாலும் ஸ்கிரான்டன் ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்தார்: இந்தப் பெண்கள் அமெரிக்கர்களாக மாற வேண்டாம், இன்னும் நல்ல கொரியர்களாக ஆனால் போதும். அயல்நாட்டில் ஆசிரியராகப் போகிற எவரும் மனத்தில் பதிக்க வேண்டிய எல்லைக்கோடு இது.

பலன் என்ன என்று கேட்பாய். கிம் ஜோம்-தோங் என்ற சிறுமியைச் சொல்கிறேன். அவள் அப்பா அப்பென்செல்லரிடம் வேலை பார்த்தவர். 1886இல், பத்து வயதில் ஈஹ்வாவுக்கு வந்தாள். குளிர் கடுமையான நாள். கணப்படுப்புக்குப் பக்கத்தில் வா என்று ஸ்கிரான்டன் கூப்பிட்டார். பிள்ளை அப்படி ஓர் அடுப்பைப் பார்த்ததே இல்லை. தன்னைத் தூக்கி அதற்குள் போட்டுவிடுவாளோ என்று நடுங்கியதாகப் பின்னாளில் அவளே நினைவுகூர்ந்தாள். அந்த நடுங்கிய பிள்ளை ஆங்கிலத்தில் கெட்டிக்காரியானாள். 1890இல் ரோசெட்டா ஷெர்வுட் என்ற பெண் மருத்துவர் வந்தபோது அவருக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றாள். அறுவை என்றாலே அருவருப்பு அவளுக்கு. பிளந்த உதட்டோடு வந்த ஒரு பெண் தைத்துச் சீராக்கப்பட்டு முழு முகத்தோடு எழுந்ததைப் பார்த்ததும் மனம் மாறியது. நானும் மருத்துவராவேன் என்றாள்.

அமெரிக்கா போனாள். எஸ்தர் பாக் என்ற பெயரில் பால்டிமோர் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் படித்தாள். அவளுடைய கணவர் பாக் யூ-சான் அங்கே பண்ணையிலும் உணவகத்திலும் வேலை செய்து மனைவியைப் படிக்க வைத்தார். 1890களில், கொரியாவில் பிறந்த ஓர் ஆண்! நம்மூரில் மனைவி மேற்படிப்பு என்று வாயெடுத்தாலே முகம் சுளிக்கும் மாப்பிள்ளைகள் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளலாம். எஸ்தர் பட்டம் வாங்கும் நாள் நெருங்கிய நேரத்தில் காசநோய் அந்தக் கணவரைக் கொண்டுபோயிற்று. 1900இல் எஸ்தர் பட்டம் பெற்றார். மேலை மருத்துவம் படித்த முதல் கொரியப் பெண் அவர்தான். உடனே ஊர் திரும்பி, ஆண் மருத்துவரிடம் போகவே முடியாத பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். அதே காசநோயில் 1910 ஏப்ரலில் இறந்தார். நாற்பது வயதைக்கூட அவர் தொடவில்லை. அடுப்பைக் கண்டு பயந்த சிறுமியிடமிருந்து இவ்வளவு வரும் என்று அந்தக் குளிர்நாளில் யாருக்குத் தெரியும்?

எல்லா மாணவரும் எஸ்தராகிவிட மாட்டார்கள். பேஜேயில் ஆங்கிலம் கற்ற சிங்மன் ரீ 1948இல் தென் கொரியாவின் முதல் குடியரசுத் தலைவரானார். பிறகு சர்வாதிகாரம் செய்து, 1960 ஏப்ரலில் மாணவர்கள் கிளர்ந்து எழுந்தபின் நாட்டை விட்டே போனார். அதற்கு அவருடைய ஆங்கில வாத்தியார் பொறுப்பா? இல்லை. சொல்லிக்கொடுப்பதோடு உன் அதிகாரம் முடிகிறது.

சில நேரம் பிள்ளைகள் ஆசிரியரையே தாண்டிப் போவார்கள். 1919 மார்ச்சில் ஜப்பானிய ஆட்சிக்கு எதிராகச் சியோல் கொதித்தபோது, ஈஹ்வா நிர்வாகம் மாணவிகளைக் காக்க வெளியே விடாமல் தடுத்தது. யூ க்வான்-சூன் என்ற 16 வயதுப் பெண் தோழிகளோடு மதிலேறிக் குதித்துப் போராட்டத்தில் கலந்தாள். ஏப்ரல் 1 அன்று தன் ஊர்ப்பக்கம் அவுனே சந்தையில் மக்களைத் திரட்டினாள். பெற்றோர் இருவரும் அந்தப் போராட்டத்தில் கொல்லப்பட்டார்கள். அவள் சிறையில் வதைபட்டு 1920 செப்டம்பரில் உயிர்விட்டாள். பயந்த பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளி, பயமே அறியாத ஒருத்தியைத் தந்தது. மேரி ஸ்கிரான்டன் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1909இல் இறந்து, சியோலின் யாங்ஹ்வாஜின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகிவிட்டார்.

இப்போது உன் முறை. மதம் பரப்பப் போகிறாயோ, வயிற்றுப்பாட்டுக்குப் போகிறாயோ, சும்மா உலகம் பார்க்கத்தான் போகிறாயோ, அது உன் விருப்பம். எங்கே போனாலும் அந்த ஊர் மொழியில் பத்து வாக்கியமாவது கற்றுக்கொண்டு போ. பிள்ளைகள் உன்னைத் திருத்தட்டும், சிரித்துக்கொண்டே திருத்திக்கொள். பெற்றோருக்குச் சந்தேகம் வந்தால் உட்கார வைத்துப் பேசு, வேண்டுமானால் எழுதிக் கொடு. விசா வரட்டும், சான்றிதழ் வரட்டும், உச்சரிப்பு சரியாகட்டும் என்று நாளைத் தள்ளிக்கொண்டே போகாதே. உன் தெருவிலேயே ஆங்கிலம் கண்டு நடுங்கும் பிள்ளை ஒன்று இருக்கும். இன்று மாலை அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தொடங்கு.