ஏற்கும் அகலம்

தொலைநோக்கியைப் புதிதாகக் கையாளத் தொடங்கும் எவரும் முதலில் கேட்பது, அது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பதையே. உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கற்கும்போதுதான் அக்கேள்வி கடைசியில் வர வேண்டியது என்று விளங்குகிறது. குழாயின் முன்முனையில் வானத்தை நோக்கி இருப்பது பொருளருகு வில்லை. நியூட்டன் 1668இல் உருவாக்கிய வகையில் அதன் வேலையைக் குழாயின் அடியிலுள்ள குழியாடி செய்கிறது. ஒளியைச் சேர்ப்பதே இவற்றின் பணி என்பதால் விட்டமே முதன்மையானது. இருளில் 7 மி.மீ. வரை விரியும் கண்மணியைவிட 70 மி.மீ. வில்லை 100 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. காவலூர் வானாய்வகத்தில் 1986இல் வானியலாளர் வைனு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியோ ஒரு லட்சம் மடங்கையும் தாண்டுகிறது. அனுமந்தை, மரக்காணம் பகுதியின் உப்பளத் தொழிலாளர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. பாத்தியை ஆழப்படுத்தி யாரும் கூடுதல் உப்பு வாரியதில்லை, வெயில் படும் பரப்புதான் விளைச்சலைத் தருகிறது.

பெரிதாக்குவது கண்ணருகு வில்லை. பொருளருகு வில்லையின் குவியத் தொலைவை, அதாவது வில்லையிலிருந்து அது ஒளியைக் குவிக்கும் புள்ளி வரையிலான நீளத்தை, கண்ணருகு வில்லையின் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும்: 700 மி.மீ. குவியத் தொலைவுள்ள கருவியில் 25 மி.மீ. வில்லை 28 மடங்கும், 10 மி.மீ. வில்லை 70 மடங்கும் தரும். மடங்கு ஏற ஏறச் சேர்ந்த அதே ஒளி பரவி மங்குகிறது, காட்சிப் பரப்பும் சுருங்குகிறது. சிறு கருவியின் பெட்டி மீது 500 மடங்கு என்று அச்சிடுவது வியாபாரமேயன்றி வானியல் அன்று. கையில் உள்ள சிறிதளவைப் பெரிதாக்கிப் பார்ப்பதையே அறிவு என்று எண்ணும் மனம், வருவதை ஏற்கும் தன் அகலம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது அரிது. கல்வியிலும் கருத்துப் பூசலிலும் இந்தத் தலைகீழ் வரிசையே நடைமுறையாக உள்ளது.

கருவியைத் தாங்கும் முக்காலியைத் தொடக்கநிலையினர் ஒரு பொருட்டாகவே கருதுவதில்லை. கடற்காற்றில் அது சிறிதே அதிர்ந்தாலும், உருவம் எத்தனை மடங்கு பெருகியதோ அத்தனை மடங்கு அதிர்வும் பெருகும். குழாயின் மேல் பொருத்தப்படும் தேடுகருவி, குறைந்த பெருக்கத்தில் அகன்ற வானைக் காட்டுவது. பகலில் தொலைவிலுள்ள ஒரு கோபுர உச்சியை வைத்து அதைப் பெரிய குழாயோடு ஒரே திசைக்குச் சரிசெய்யாவிட்டால் இரவு முழுவதும் தேடலிலேயே கழியும்.

அனுமந்தைக்குத் தெற்கே அதே கடற்கரையிலுள்ள புதுச்சேரியில், இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ 1689 டிசம்பரில் வால்மீன் ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, ஆல்ஃபா சென்டாரி என்னும் விண்மீன் உண்மையில் இரண்டு என்பதைக் கண்டார். அவர் தேடியது அதையன்று. ஏறத்தாழ 80 ஆண்டுகளில் ஒன்றையொன்று சுற்றிவரும் அவ்விரண்டையும் இன்று 70 மி.மீ. கருவியே பிரித்துக் காட்டும். மே மாத இரவில், அனுமந்தையின் தென்வானில் அடிவானத்திலிருந்து சுமார் 17 பாகை உயரம்வரையே அவ்விண்மீன் எழுவதால், முதலில் 28 மடங்கில் பிடித்துப் பின்னரே 70க்கு மாறுவது நல்லது. அந்தத் தாழ்வில் பார்வை தடித்த காற்றைக் கடந்து செல்ல வேண்டியிருப்பதால், அதற்கு மேலான பெருக்கம் பெரும்பாலும் காற்றின் கலக்கத்தையே பெரிதாக்கும்.