உள்ளே வாருங்கள்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திற்கு அருகே முட்டத்தறையில், கடலரிப்பால் வீடிழந்த 192 மீனவக் குடும்பங்களுக்கு 2018-இல் கேரள அரசு அடுக்குமாடி வீடுகளை வழங்கியது. கரையோர முகாம்களில், துணியைத் திரையாகக் கட்டி வாழ்ந்த குடும்பங்கள் அவற்றுள் உண்டு.

முகாமிலும் தாய்க்குக் கூரை உண்டு. ஆனால் பிள்ளையை அவள் கண்டித்தாலும் அணைத்தாலும் அயலார் காண்பர். வந்தவரை 'உள்ளே வாருங்கள்' என்றழைக்க, உள் என்று ஒன்றில்லை. இல்லறவியலில் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். கதவில்லாதவள் அந்த அறத்தை எங்ஙனம் இயற்றுவாள்?

வீடளிப்பதைத் தானம் என்பதற்கு என் மனம் ஒப்பவில்லை. பிறருக்கு ஈயும் உரிமையை அவள் இழந்திருந்தாள். அது அவளிடம் மீள்கிறது. பக்கத்து வீட்டாருக்கு ஒரு கிண்ணம் மீன்குழம்பு கொடுத்தனுப்பும் அன்றே அவள் மீண்டும் இல்லத்தலைவி. மாடியில் வலையை எங்கே உலர்த்துவது என்று அவள் முறையிட்டால், அதை நன்றிகெட்ட பேச்சென்று தள்ளுவதும் தகாது.