ஆணி என்று நினைத்தது

காற்றடித்த டியூபைத் தண்ணித் தொட்டிக்குள் முக்கித் திருப்பிக்கொண்டே வந்தால், எங்கே ஓட்டையோ அங்கே குமிழ் கிளம்பும். பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்திவிட்டுக் குத்தவைத்திருக்கும் யாருக்கும் கண் அந்தத் தொட்டியில்தான் இருக்கும். குமிழ் வந்ததும் ஒரு சின்ன நிம்மதி. பிரச்சினை எங்கே என்று தெரிந்துவிட்டது. ஆனால் அடுத்த கேள்விக்குத் தொட்டி பதில் சொல்லாது. ஓட்டையைப் போட்டது யார்?

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. நானும் நண்பனும் மத்திகிரியிலிருந்து திருவண்ணாமலைக்கு அவனுடைய பழைய பைக்கில் கிளம்பினோம். இரண்டு பேருக்குமே ஓசூரில் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. மூன்று வாரம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த இரண்டு நாள் லீவு. ஃபெஞ்சல் புயல் முந்தின நாள் இரவுதான் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்திருந்தது. "கரையைக் கடந்தாச்சுன்னா முடிஞ்சுது மச்சி, இனிமே வெறும் தூறல்தான்" என்றான். கரையைக் கடந்த புயல் நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. லீவு கிடைத்தவன் வானிலை அறிக்கையைத் தனக்குச் சாதகமாகத்தான் படிப்பான்.

சூளகிரியை நெருங்கும்போது பின்சக்கரம் ஆட ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் காற்று மொத்தமாகப் போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் இருநூறு மீட்டரில் பஞ்சர் கடை. சாதாரணமாக இது சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நண்பனுக்கு அதுதான் உறுத்தியது.

கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். தெலுங்கு வாசனையடிக்கும் தமிழ். லிவர் போட்டு டயரைக் கழற்றி, உள்பக்கம் துணியால் தடவிப் பார்த்து, குறட்டால் ஒன்றைப் பிடுங்கினார். ஒல்லியான, கூரான இரும்பு. துரு இல்லை, பளபளவென்று இருந்தது. நண்பன் அதை வாங்கிக்கொண்டு போனை எடுத்தான். கடையை, அவரை, கையிலிருந்த இரும்பை எல்லாம் சேர்த்து வீடியோ எடுத்தபடி பேசினான். "பாருங்க ஃப்ரெண்ட்ஸ், புத்தம் புது ஆணி. வண்டி நின்ன இடத்துல இருந்து இருநூறு மீட்டர்ல கடை. நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

"வீடியோல்லாம் எதுக்கு தம்பி?" என்று மட்டும் அவர் கேட்டார். பிறகு உப்புத்தாளால் டியூபைத் தேய்த்தார், சொல்யூஷன் தடவினார், ஊதிக் காய வைத்தார், பேட்சை ஒட்டித் தட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை. கிருஷ்ணகிரியில் டீ குடிக்கும்போது வீடியோ இன்ஸ்டாகிராமில் ஏறியது. நான் அதற்கு ஒரு லைக்கும் போட்டேன்.

எங்கள் சந்தேகம் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. பெங்களூரு வெளிவட்டச் சாலையில் ஒரு மென்பொருள் ஊழியர் வேலைக்குப் போகிற வழியில் காந்தம் கட்டிய குச்சியை வைத்துக் கிலோ கணக்கில் ஆணி பொறுக்கிய செய்தியை எல்லையின் இந்தப் பக்கம் எல்லோருமே படித்திருக்கிறோம். எங்கோ யாரோ செய்திருக்கிறார்கள். அதனால் இவரும் செய்திருப்பார் என்பது எங்கள் தர்க்கம். அதற்கு அடியில் இன்னொரு தர்க்கமும் இருந்தது: பஞ்சரால் லாபம் யாருக்கு? பஞ்சர் ஒட்டுகிறவருக்கு. அப்படியானால் அவர்தான்.

யோசித்துப் பார்த்தால் இந்தத் தர்க்கம் நிற்காது. காய்ச்சலால் வருமானம் டாக்டருக்கு, சாவால் வருமானம் வெட்டியானுக்கு, சண்டையால் வருமானம் வக்கீலுக்கு. அடுத்தவர் கஷ்டத்தைச் சரிசெய்து பிழைக்கிற எல்லோரும் அந்தக் கஷ்டத்தின் மேல்தான் பிழைக்கிறார்கள். ஆனாலும் டாக்டரைப் பார்த்து நாம் வீடியோ எடுப்பதில்லை. கையில் கிரீஸ் ஒட்டியிருப்பவர்மேல் சந்தேகப்படுவது சுலபம். அது நமக்குச் செலவே வைக்காது.

இதில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. காற்றடைத்த டயரை 1888-இல் பெல்ஃபாஸ்டில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜான் பாய்ட் டன்லப் ஒரு மாட்டு டாக்டர். மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் கல்பாவிய தெருவில் குலுங்குகிறதே என்று செய்து பார்த்தார். (1845-லேயே ராபர்ட் தாம்சன் இதற்கு காப்புரிமை வாங்கியிருந்தது பிறகுதான் தெரியவந்தது.) மத்திகிரி கால்நடைப் பண்ணையைத் தாண்டும்போது எனக்கு டன்லப் ஞாபகம் வரும். அவருக்கு முன்னால் இருந்த கெட்டி ரப்பர் டயர் முதுகெலும்பை உடைக்கும், ஆனால் பஞ்சர் ஆகாது. குலுங்காமல் போக வேண்டும் என்று ஆசைப்பட்ட அன்றே, வழியில் முகம் தெரியாத ஒருவரின் உதவி தேவைப்படும் என்பதையும் நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம். சொகுசை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு அந்த ஒப்பந்தத்தை மறந்துவிட்டோம்.

கிருஷ்ணகிரிக்கு அந்தப் பக்கம் தூறல் மழையானது. மத்தூர் தாண்டும்போது முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அங்கே பின்சக்கரம் மறுபடி போனது. இந்த முறை ஓட்டை இல்லை. காற்று குறைந்த டயர் ரிம்மில் நழுவி, டியூபை இழுத்து, வால்வை அடியோடு பிய்த்துவிட்டது. வால்வு போனால் ஒட்ட முடியாது. டியூபே மாற்ற வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிக்கொண்டு போனோம். எத்தனையோ வண்டிகள் தண்ணீரை வாரி அடித்துவிட்டுக் கடந்தன. யாரையும் குறைசொல்ல முடியாது. அந்த மழையில் நானும் நிறுத்தியிருக்க மாட்டேன்.

கடைசியில் ஒரு கடை. பின்னாலேயே வீடு. எங்கள் டயர் அளவுக்கு டியூப் அவரிடம் இல்லை. "இருங்கப்பா, பாத்துட்டு வரேன்" என்று யூரியா சாக்கைத் தலைக்குக் கவிழ்த்துக்கொண்டு எக்ஸ்எல்லை எடுத்துக்கொண்டு போனார். எங்கள் ஓசூரில் செய்த வண்டிதான். ஒரு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு, தொப்பலாக நனைந்து திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை, மழை, எல்லாக் கடையும் மூடல். "இந்த மழையில எங்கப்பா போவீங்க. படுத்துட்டுக் காலைல பாத்துக்கலாம்." கரண்ட் போயிருந்தது. அவர் மனைவி களியும் கொள்ளுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். ராத்திரி முழுக்கத் தகரக் கூரைமேல் மழை அடித்த சத்தத்தில் பேச முடியவில்லை.

தூக்கம் வராமல் எமர்ஜென்சி விளக்கு வெளிச்சத்தில் நண்பன் பாக்கெட்டிலிருந்த அந்த 'ஆணி'யை வாங்கிப் பார்த்தேன். பார்த்ததும் வயிற்றில் ஏதோ செய்தது. அதற்குத் தலை இல்லை. லேசான முறுக்கு, ஒரு ஓரத்தில் கத்தி ஓடிய வரி, வெப்பத்தில் நீலம் பாய்ந்த முனை. நான் தினமும் எட்டு மணி நேரம் பார்க்கிற பொருள் அது. மெஷினில் இரும்பைக் கடையும்போது சுருள் சுருளாக விழும் சீவல். எங்கள் பாஷையில் சிப்ஸ். ஷிஃப்ட் முடிந்ததும் வாரித் தொட்டியில் கொட்டுவோம். தொட்டி நிறைந்தால் ஸ்கிராப் லாரி வரும். லாரி மேலே தார்ப்பாய் கட்டுவது ஓட்டுநரின் மனநிலையைப் பொறுத்தது. அந்த லாரிகள் போகிற நெடுஞ்சாலையில்தான் நாங்களும் வந்தோம்.

அது எங்கள் கம்பெனியிலிருந்து விழுந்தது என்று சொல்லவில்லை. ஓசூரைச் சுற்றி எத்தனையோ பட்டறை. ஆனால் குற்றவாளியைத் தேடின இரண்டு பேரும் அதே தொழிலில் இருக்கிறோம். நண்பனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "டேய், இது நம்ம சரக்குடா" என்றான். சிக்னல் வந்து வந்து போனது. வீடியோவை அழிக்க முடியவில்லை.

காலையில் சிக்னலோடு செய்தியும் வந்தது. எங்களுக்கு முன்னால் இருந்த ஊத்தங்கரையில் ஒரே நாளில் 503 மி.மீ. மழை. ஒரு வருஷம் முழுக்க இந்த மாவட்டத்தில் சராசரியாகப் பெய்வதில் பாதிக்கு மேல் அந்த ஒரே நாளில் கொட்டியிருந்தது. ஏரி நிரம்பி, ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் பொம்மை மாதிரி அடித்துக்கொண்டு போகிற வீடியோ எல்லா குரூப்பிலும் வந்தது. திருவண்ணாமலையில் மலையடிவாரத்து வீட்டின்மேல் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேர் குழந்தைகள். யாருமே பிழைக்கவில்லை.

"வால்வு பிய்ஞ்சதாலதான்டா நாம உயிரோட இருக்கோம். யாரோ காப்பாத்திட்டாங்க" என்றான் நண்பன். அம்மாவுக்குப் போன் போட்டும் அதையே சொன்னான். அம்மா அழுதார். எனக்கும் கண் கலங்கியது. ஆனால் அந்த வாக்கியத்தை முழுசாக விழுங்க முடியவில்லை. எங்கள் வால்வைப் பிய்த்து எங்களைக் காப்பாற்றிய அந்த யாரோ, ஐந்து குழந்தைகள் விஷயத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்? நான் காப்பாற்றப்பட்டேன் என்று நன்றி சொல்லும்போது, அவர்கள் காப்பாற்றப்படவில்லை என்பதையும் நான் அந்த வாக்கியத்துக்குள் வைத்துவிடுகிறேன். அதோடு, வண்டி ஓடியிருந்தால் நாங்கள் செத்திருப்போம் என்பதும் நிச்சயமில்லை. திருவண்ணாமலையில் ஏதோ லாட்ஜில் படுத்துத் தூங்கியிருக்கலாம்.

அப்படியானால் நன்றியை எங்கே வைப்பது? வால்வுக்கு வைக்க முடியாது. அது நினைத்துச் செய்யவில்லை. சாக்கைப் போர்த்திக்கொண்டு மழையில் போனவருக்குத்தான் வைக்க வேண்டும். ஊத்தங்கரையில் ஒரு சொட்டு மழை பெய்யாமல் இருந்திருந்தாலும் அவர் செய்ததன் எடை அதேதான். வெள்ளம் அவர் உதவியைப் பெரிதாக்கவில்லை. டியூப் கிடைக்காததும் அதைச் சிறிதாக்கவில்லை.

பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவ ஆசிரியர்கள் 1976-இல் ஒரு கேள்வியை எழுப்பினார்கள். 'ஒழுக்க அதிர்ஷ்டம்' என்று தமிழில் சொல்லலாம். நேகலின் உதாரணம் ஒரு லாரி டிரைவர். பிரேக்கைச் சரிபார்க்காமல் வண்டி எடுக்கிறார். ஒரு குழந்தை குறுக்கே வந்தால் வாழ்நாள் முழுக்கக் குற்றவாளி. வராவிட்டால் கொஞ்சம் அசட்டையான ஆள், அவ்வளவுதான். அவர் செய்த தப்பு இரண்டிலும் ஒன்றே. குழந்தை வருவதும் வராததும் அவர் கையில் இல்லை. நம் கையில் இல்லாத ஒன்றை வைத்து நம்மை எப்படி எடைபோடலாம்? எடைபோடாமல் விடவும் முடியவில்லையே?

கல்லூரியில் படித்தபோது இது லாரி டிரைவர் பற்றிய கேள்வி என்று நினைத்திருந்தேன். அன்று காலை, சிக்னல் நின்றதும் நண்பன் முதலில் பார்த்தது எத்தனை பேர் வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான். நானூற்றுச் சொச்சம். "நல்லவேளை, ரொம்பப் போகல" என்றான். அழித்தான். இதுவும் அதே கணக்குத்தான். முப்பது பேர் பார்த்திருந்தாலும் மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தாலும் நாங்கள் செய்தது ஒன்றே: தெரியாத ஒரு மனிதரை, சாட்சி இல்லாமல், முகத்தோடு திருடனாக்கினோம். நல்லது நடந்தபோது அது எங்களுக்காக நடந்தது என்று எடுத்துக்கொண்டோம். கெட்டது சின்னதாக முடிந்தபோது நாங்கள் சின்னத் தப்புதான் செய்தோம் என்று எடுத்துக்கொண்டோம். இரண்டு தடவையும் அதிர்ஷ்டத்தை எங்கள் கணக்கில் வரவு வைத்தோம்.

மதியம் மழை விட்டது. பர்கூர் பக்கமிருந்து வந்த ஒரு லாரிக்காரர் கையில் டியூப் வந்து சேர்ந்தது. கடைக்காரர் டியூப் விலையும் மாற்றுக் கூலியும் மட்டும் வாங்கினார். சாப்பாட்டுக்கு நீட்டிய பணத்தை வாங்கவில்லை. திருவண்ணாமலை போகிற எண்ணம் இரண்டு பேருக்கும் இல்லை. திரும்பினோம்.

சூளகிரி வந்ததும் நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். "அழிச்சாச்சுல்ல, அவருக்கே தெரியாது, எதுக்குடா கிளறணும்?" என்றான். அதில் நியாயம் இருப்பது மாதிரியும் தெரிந்தது. தெரியாத காயத்தைத் தெரியப்படுத்தி மன்னிப்புக் கேட்பது யாருக்காக? அவருக்காகவா, என் மனபாரம் இறங்கவா? கடை வாசலில் நிற்கும்வரை எனக்கு விடை தெரியவில்லை.

அவருக்குத் தெரிந்திருந்தது. "என் மருமகன் காட்டினான்" என்றார். நண்பன் பாக்கெட்டிலிருந்து அந்தச் சீவலை எடுத்துக் காட்டி, இது ஆணி இல்லை அண்ணா, எங்கள மாதிரி கம்பெனியில விழற இரும்பு, தப்பாப் பேசிட்டேன் என்றான். குரல் சரியாக வரவில்லை. அவர் வாங்கிப் பார்த்தார்.

"இது தினம் நாலஞ்சு வருது தம்பி. நான்தான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். வீடியோ எடுக்கறவங்ககிட்ட என்னா பேசறது?" கொஞ்சம் நிறுத்தி, "அழிச்சுட்டீங்களா?" என்றார்.

"அழிச்சுட்டோம்ணா."

"சரி. பார்த்தவங்ககிட்ட யாரு சொல்லுவாங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அன்றிரவு நண்பன் இன்னொரு வீடியோ போட்டான். கையில் அந்தச் சீவல், நடந்தது, தன் தப்பு. எழுபது பேர்கூடப் பார்க்கவில்லை. மிச்சம் முந்நூற்றுச் சொச்சம் பேர் சூளகிரி வழியாகப் போகும்போது அந்தக் கடையை எப்படிப் பார்ப்பார்கள் என்பது இனி எங்கள் கையில் இல்லை. ஆனால் அது எங்கள் கணக்கில்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் ஸ்கிராப் லாரி வரும் நாளில் தார்ப்பாய் கட்டிவிட்டுப் போகச் சொல்கிறேன். "உனக்கு என்னப்பா அவ்வளவு அக்கறை" என்று டிரைவர் சிரிப்பார். சில நாள் கட்டுவார். கட்டாத நாளில் நானே ஏறிக் கட்டுகிறேன். அதனால் யாருடைய டயர் தப்பித்தது என்று எனக்குத் தெரியப்போவதில்லை.