எண்ணெய்க்குப் பொருந்துவது உடலுக்குப் பொருந்துமா?

சிவகாசிப் பட்டாசுத் தொழிலில் மருந்துக் கலவை அறிந்தவர்களுக்கு ஆக்சிஜனேற்றத்தைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. அலுமினியத் தூளும் கந்தகமும் எரிபவை. வெடியுப்பு என்னும் பொட்டாசியம் நைட்ரேட் ஆக்சிஜனைத் தருவது. திரியில் தீ பட்டதும் எரிபொருளின் எலக்ட்ரான்கள் ஆக்சிஜனுக்குக் கைமாறுகின்றன. அது ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால் ஒளியும் ஓசையும் எழுகின்றன. உயிரணுவுக்குள் நடப்பதும் இதே கைமாற்றம்தான். ஆனால் பல படிகளில், நிதானமாக. உண்ட சோற்றிலிருந்து வரும் எலக்ட்ரான்கள் மைட்டோகாண்ட்ரியாவில் படிப்படியாக இறங்கி, மூச்சில் வந்த ஆக்சிஜனைச் சேர்கின்றன. வழியில் சில சிந்துவதும் உண்டு. அவற்றால் விளையும் நிலையற்ற மூலக்கூறுகளையே பாடநூல்கள் தனி உறுப்புகள் என்றும், விளம்பரங்கள் ஃப்ரீ ராடிக்கல் என்றும் குறிக்கின்றன. இவை உயிரணுவைச் சிறுகச் சிறுகச் சிதைப்பதே முதுமை என்ற கருத்தை 1956இல் அமெரிக்கரான டென்ஹாம் ஹார்மன் முன்வைத்தார். முதுமையைத் தள்ளிப்போடுவதாகச் சொல்லி இன்று விற்பனைக்கு வரும் ஆன்ட்டி-ஆக்சிடன்ட் (ஆக்சிஜனேற்றத் தடுப்பி) மாத்திரைகள் பலவும் அந்தக் கருத்தின் வழித்தோன்றல்களே.

ஆன்ட்டி-ஆக்சிடன்ட் என்பது பொய்யான பொருளன்று. விருதுநகர் எண்ணெய் வணிகர்கள் அதன் பயனை நடைமுறையிலேயே அறிவர். நல்லெண்ணெய் எளிதில் சிக்கு வாடை அடிப்பதில்லை. எள்ளிலுள்ள சீசமால் போன்ற சேர்மங்கள் ஆக்சிஜனின் தாக்குதலைத் தாமே ஏற்று எண்ணெயைக் காக்கின்றன. ஆயினும் எண்ணெய் டின்னுக்குச் செரிமானம் இல்லை, கல்லீரல் இல்லை, தன்னைத் தானே பழுதுபார்க்கும் நொதிகள் இல்லை. புதிய மாத்திரையைப் பற்றி முதலில் சொல்லப்படும் சான்று பெரும்பாலும் இந்த டின் நிலையிலேயே நின்றுவிடுகிறது: சோதனைக் குழாயில் இது வைட்டமின் சியைவிட இத்தனை மடங்கு வலியது என்பார்கள். இத்தகைய அளவீடுகளில் புகழ்பெற்றது ஓராக். உணவுகளின் ஓராக் பட்டியலை வெளியிட்டிருந்த அமெரிக்க வேளாண் துறையே, உடல்நலத்தோடு அந்த எண்களுக்குத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று கூறி, 2012இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விற்பனையாளர்கள் இன்னும் திரும்பப் பெறவில்லை.

அடுத்த படியில் இருப்பது தொடர்புச் சான்று. காய்கனி மிகுதியாக உண்பவர்களின் இரத்தத்தில் பீட்டா கரோட்டின் கூடுதலாக இருந்தது. அவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறைவாகவும் காணப்பட்டது. காத்தது பீட்டா கரோட்டினா, காய்கனியின் வேறு கூறா, அவர்களின் வாழ்க்கை முறையா? இதை நோக்கினால் மட்டும் அறிய முடியாது. கொடுத்துப் பார்க்க வேண்டும். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துக் கொடுத்தே பார்த்தார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. சிலர் நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் பெற்றனர், சிலர் வெற்று மாத்திரை பெற்றனர். 1994இல் வெளியான முடிவு எவரும் எதிர்பாராதது. பீட்டா கரோட்டின் பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகம். இதையொத்த ஓர் அமெரிக்க ஆய்வு, அதே போக்கைக் கண்டு 1996இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. பிறகு 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் வைட்டமின் ஈ சோதிக்கப்பட்டது. அதைப் பெற்றவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு கூடியிருந்ததாக 2011இல் தெரியவந்தது. கொள்கை அழகாக இருந்தது, தொடர்பும் ஒத்துப்போனது. மனிதரிடம் சோதித்தபோதுதான் இரண்டும் கைவிட்டன.

ஏன் என்பதற்கு முழு விடை எளிதன்று. ஒரு பகுதி விடை, தனி உறுப்புகள் வெறும் கழிவுகள் அல்ல என்பதே. வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்ல அவற்றையே ஆயுதமாக்குகின்றன. உடற்பயிற்சியின்போது கூடும் தனி உறுப்புகள், தசைகளைத் தம்மை வலுப்படுத்திக்கொள்ளத் தூண்டும் செய்தியாகவும் விளங்குகின்றன. 2009இல் மைக்கேல் ரிஸ்டோ குழுவினர் சுமார் 40 இளைஞர்களிடம் நடத்திய ஆய்வில், பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளையும் உண்டவர்களுக்கு, பயிற்சியால் கிட்டும் இன்சுலின் நலன் கிட்டவில்லை. ஆய்வு சிறியது, அதைக் கொண்டு பெரிய சட்டம் இயற்றலாகாது. ஆனால் ‘தனி உறுப்புகள் குறைந்தால் நன்று’ என்ற அடிப்படை எண்ணத்தை அது அசைத்துவிட்டது.

நேர்மையாகச் சொல்வதானால், விதிவிலக்கும் உண்டு. முதுமையில் விழித்திரையின் மையம் சிதையும் நோய் நடுநிலையை எட்டியவர்களுக்கு, வைட்டமின்களும் துத்தநாகமும் கலந்த ஒரு கூட்டு நோய் முற்றுவதை ஓரளவு தாமதப்படுத்துவதாக அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் 2001இல் காட்டியது. குறிப்பிட்ட நோய், குறிப்பிட்ட அளவு, ஆண்டுக்கணக்கான ஒப்பீடு ஆகியவை அதற்குப் பின்னால் இருந்தன. பின்னர் புகைபிடிப்போரைக் கருதி, அக்கூட்டிலிருந்து பீட்டா கரோட்டின் நீக்கப்பட்டு வேறு சேர்மங்கள் இடப்பட்டன.

எனவே புதிய மாத்திரையிடம் கேட்க வேண்டியவை குறுகிவிடுகின்றன. சோதித்தது எலியையா, மனிதரையா? வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்களா? எத்தனை ஆண்டுகள்? இறுதியில் அளந்தது இரத்தத்தில் ஒரு குறியீட்டையா, நோயையும் இறப்பையுமா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலானவை தடுக்கி விழுகின்றன. அட்டைப்பெட்டியிலுள்ள 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணை இதற்கு விடையாகக் கொள்ளக்கூடாது. அது உணவுத் தொழில் நடத்துவதற்கான உரிமத்தின் எண், பலனுக்கான சான்றிதழன்று. மருந்தாகப் பயன்படுத்துவதற்கன்று என்ற வாசகமும் அதே பெட்டியில் அச்சிடப்பட வேண்டும் என்பது இந்திய விதி. தேடினால் கிடைக்கும், எழுத்து மட்டும் பொடியாக இருக்கலாம்.