வினைமுதல்

பசுவந்தனை என்னும் எங்கள் ஊர்ப்பெயரைக் கேட்கும் இலக்கண மாணாக்கன், அது பசு செய்த வந்தனையோ, பசுவுக்குச் செய்யும் வந்தனையோ என்று சற்றே மயங்குதல் இயல்பு. தொகைச்சொல் வினைமுதலைத் தன்னுள் மறைத்து நிற்பதனால் வரும் மயக்கம் அது. பசு சிவனை வழிபட்ட இடமே கைலாசநாதர் சந்நிதி என வழங்கும் ஸ்தல ஐதீகம் அதனைத் தீர்த்துவைக்கிறது. உலகம் ஆக்கப்பட்ட பொருளாதலின் ஆக்கிய கர்த்தா ஒருவன் உண்டென்று தொடங்குகிற சிவஞானபோதத்திற்கு மாபாடியம் கண்ட விக்கிரமசிங்கபுரத்துச் சிவஞான முனிவரே தொல்காப்பிய முதற்சூத்திர விருத்தியும் இயற்றினார் என்பதை நினைக்குங்கால், செய்தவன் யார் என்னும் வினா இலக்கணத்துக்கும் தத்துவத்துக்கும் பொதுவானதென்பது விளங்கும்.

சென்ற ஐப்பசியில், மிளகாய் வற்றல் வியாபாரியான நண்பர் ஒருவர், வடநாட்டு வர்த்தகருக்குத் தாம் எழுதிய ஆங்கிலக் கடிதத்தைத் திருத்தித் தரும்படி கேட்டார். ஒருமை பன்மை மயக்கமும் காலவழுவும் நீக்குதற்கு அதிக நேரம் ஆகவில்லை. உயர்ந்த ரகத்தைப் பொறுக்கியதும், விலையைக் குறைத்ததும் ‘நாங்கள்’ என்னும் எழுவாயோடு கம்பீரமாக நிற்க, நஷ்டத்தைக் கூறுமிடத்தில் மட்டும் அவ்வெழுவாய் அகன்றுவிட, மூட்டைகள் ‘நனைக்கப்பட்டன’, தாமதம் ‘நேரிட்டது’ என்றிருந்த விசித்திரமே என்னைத் தடுத்து நிறுத்தியது.

இது நம்மவர்க்கே உரிய குறையன்று. ஆங்கிலேய உத்தியோகஸ்தரின் சுற்றி வளைக்கும் நடையைச் சீர்திருத்துவதற்கென்றே, அந்நாட்டு நிதி இலாகாவின் வேண்டுகோளின்படி, ஸர் எர்னஸ்ட் கவர்ஸ் 1948இல் ‘பிளெயின் வர்ட்ஸ்’ என்னும் நூலை வெளியிட வேண்டியிருந்தது. தொல்காப்பியரோ வினை, செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம், கருவி, இன்னதற்கு, இது பயன் என எட்டினை என்றோ எண்ணிவைத்தார். இவ்வெட்டுக்கும் விடை தரும் கடிதம் எம்மொழியில் எழுதப்படினும் தெளிவாகவே இருக்கும்.

ஆயினும், ‘நான் செய்கிறேன்’ என்னும் அகங்காரத்தை விடுமாறு கீதை உபதேசிக்க, எழுவாயை மறைத்த வியாபாரியை மட்டும் குறைகூறுதல் தகுமோ என்று ஓர் ஆக்ஷேபம் எழலாம். ஞானி லாபத்திலும் நஷ்டத்திலும் ஒருங்கே கர்த்திருத்துவத்தைத் துறக்கிறான். இக்கடிதமோ, புகழ் வரும் வாக்கியங்களிலெல்லாம் அதனை இறுகப் பற்றிக்கொண்டு, பழி வரும் வாக்கியத்தில் மாத்திரம் சந்நியாசம் வாங்கிக்கொண்டது. ஒரே தாளில் இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவனுக்கு அத்துறவின் தரம் தெரிந்துவிடும்.

‘மூட்டைகளை நாங்கள் தார்ப்பாய் போட்டு மூடவில்லை, எட்டு மூட்டைகள் நனைந்தன, அவற்றின் கிரயத்தைக் கழித்துக்கொள்கிறோம்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் திருத்திக் கொடுத்தேன்.

“‘வீ’ன்னு போட்டா நாமளே மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிராதா, அண்ணாச்சி?” என்றார் நண்பர்.

நான் மறுமொழி கூறவில்லை. கடிதத்தை இருமுறை வாசித்தவர், என் பேனாவை வாங்கி, நான் எழுதியிருந்த ‘வீ’ என்பதை அடித்துவிட்டு ‘ஐ’ என்று மாற்றினார்.

“லாரி ஏத்தும்போது பக்கத்துல நின்னது நான் ஒருத்தன்தானே” என்றார்.