காந்தம் ஒட்டினால் கலப்படமா?

நிக்கல் கலந்த 304 ரக எவர்சில்வர் தகட்டில் காந்தம் ஒட்டாது. அதையே அச்சில் ஆழமாக இழுத்துப் பாத்திரமாக்கினால், வளைந்த ஓரத்தில் லேசாகப் பிடிக்கும். அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். இழுத்து மடக்கும்போது உள்ளே அணுக்களின் அடுக்கே மாறி, ஆஸ்டெனைட் என்ற காந்தம் ஒட்டாத அடுக்கில் ஒரு பகுதி மார்ட்டென்சைட் என்ற வேறு அடுக்காகிவிடுகிறது. அது கடினமானது, காந்தத்துக்கு மசிவது.

சேலம் உருக்காலை போன்ற இடங்களில் தகட்டைச் சூடாக்காமலே உருளைகளுக்கு நடுவே நசுக்கி மெல்லியதாக்குகிறார்கள். அங்கேயும் இதே மார்ட்டென்சைட் உருவாகிறது. நசுக்க நசுக்க வலிமை ஏறும், வளையும் குணம் குறையும். இன்னும் போனால் விரிசல். அதனால் சுமார் 1,050 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, விரைவாகக் குளிர வைப்பார்கள். இதுதான் அனீலிங். தகடு மறுபடி இளகும். நசுங்கிச் சேர்த்த வலிமையும் கூடவே போய்விடும்.

நடுவே ஒரு வழி இருக்கிறது, கெட்டிக்காரத்தனமான வழி. நன்றாக நசுக்கிய தகட்டை 700, 800 டிகிரி அளவில் கொஞ்ச நேரம் மட்டும் சூடாக்குவது. மார்ட்டென்சைட் மீண்டும் ஆஸ்டெனைட்டாகிறது, ஆனால் மிக நுண்ணிய படிக மணிகளாக. மணிகள் சிறுத்தால் அவற்றின் எல்லைகள் பெருகும். உலோகத்துக்குள் நகரும் படிகக் குலைவுகள் எல்லைக்கு எல்லை முட்டி நிற்கும். வலிமையில் பெரும்பங்கு தங்கும், வளையும் குணமும் திரும்பும். அடுப்பில் சற்றுக் கூடுதலாக விட்டால் மணிகள் பெருத்துப் பழைய மென்மைக்கே போய்விடும். பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இந்தப் பதைப்பு புரியும். இப்படிப் பதப்படுத்திய தகட்டை வெல்டிங் செய்தாலும் இதே கதைதான். இணைப்பின் ஓரத்து மணிகள் வளர்ந்துவிடும்.