எலுமிச்சம்பழமும் மறைத்த பழுதும்



நமது செங்கற்பட்டுப் பக்கத்தில் புதுக் கார் வாங்குவோர் பலர், அதன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். பெரியோரைக் காணப் போகையிலும் எலுமிச்சம்பழம் கொண்டுபோவது நம் நாட்டு மரியாதை. ஆனால் அப்பழத்தின் ஆங்கிலப் பெயராகிய ‘லெமன்’ என்னும் சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு: வெளியே பளபளத்து உள்ளே சொத்தையான சரக்கு, விசேஷமாக, ஓயாமல் பழுதாகும் கார். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பேச்சு வழக்கில் ஒருவனுக்கு ‘லெமன்’ கொடுப்பதென்றால், உதவாததை அவன் தலையில் கட்டுவதென்று அர்த்தம். ஆகவே, அந்த வசை பழத்தைவிடக் கொடுத்த கையையே அதிகம் சேரும்.

அப்படியானால் பழுதுள்ள பொருளை விற்கவே கூடாதா? விற்கலாம். 13-ம் நூற்றாண்டிலேயே அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் இதை ஆராய்ந்திருக்கிறார். கண்ணுக்குத் தெரிகிற பழுதுக்குத் தக்கபடி விலையைக் குறைத்தால் போதும். அதைச் சொல்லித்தான் தீரவேண்டும் என்பதில்லை. மறைவான பழுதோ வாங்குகிறவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ விளைவிக்குமானால், அதைச் சொல்ல விற்பவன் கடமைப்பட்டிருக்கிறான் என்பது அவர் முடிவு.

மாமல்லபுரம் கடலோரத்தில் மனை விற்கும் ஒருவர், கோடையில் கிணற்றுநீர் உப்புக் கரிக்குமென்று அறிந்தும், மழைக்காலத்தில் ஒரு செம்பு நீர் மொண்டு கொடுத்துச் சுவைபார்க்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் வாயால் பொய் சொல்லவில்லை, ஆயினும் வஞ்சித்தார். பிரேக் சரியாகப் பிடிக்காத மோட்டார் சைக்கிளுக்கு வர்ணம் பூசி விற்பவரோ, அயலானின் பணத்தோடு உயிரையும் பறிக்கத் துணிகிறார்.

“சொன்னால் விலை குறையுமே, மகள் கலியாணம் இருக்கிறதே” என்பீர்கள். குறையட்டும். குறைந்த அந்த விலையே நியாய விலை. அதற்கு மேற்பட்டது உங்களுடையதல்ல.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஜார்ஜ் அக்கர்லாஃப் என்னும் பொருளியல் அறிஞர் 1970-ல் இந்த ‘லெமன்’ சந்தையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரானார். நல்ல வண்டி எது, சொத்தை எது என்று வாங்குகிறவனுக்குத் தெரியாவிட்டால், எல்லாவற்றிற்கும் நடுத்தர விலையே கொடுப்பான். நல்ல வண்டிக்காரன் அந்த விலைக்குக் கொடுக்க மனமின்றி விலகுவான். முடிவில் சந்தையில் சொத்தையே மிஞ்சும். ஆதலால் பழுதை மறைப்பவன் வாங்கியவனை மட்டுமல்ல, யோக்கியமாக விற்கும் அண்டை வீட்டானையும் கெடுக்கிறான்.

1960-ல் வோக்ஸ்வாகன் கம்பெனி தன் கார் ஒன்றின் படத்தை அச்சிட்டு, அதன் கீழ் ‘லெமன்’ என்றே விளம்பரம் செய்தது. உள்ளே ஒரு சிறு உலோகப் பட்டையில் கறை இருந்ததால், பரிசோதகர் அக்காரைத் தள்ளிவிட்டாராம். குறையைத் தானே சொன்ன அந்த விளம்பரம் இன்றும் பேசப்படுகிறது.

ஆகையால் விற்குமுன் உங்களையே கேளுங்கள்: “எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்தால் இந்த விலை கொடுப்பாரா?” மாட்டார் என்று மனச்சாட்சி சொன்னால், வாய் திறந்து பழுதைச் சொல்லுங்கள். ஏற்கெனவே மறைத்து விற்றிருந்தால், அதிகமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். மனஸ்தாபம் மட்டும் போதாது.